சறுக்கநாட்டின் இறக்கத் தேர்தல்

மலை உச்சியில் ஒரு நாடு இருந்தது. சறுக்கநாடு என்று பெயர். குடிமக்கள் உச்சியில் இருந்தார்கள், அரண்மனை அடிவாரத்தில் இருந்தது. நடுவில் ஒரே ஒரு சாலை. செங்குத்தாக இறங்கி, கடைசியில் சட்டென்று வளையும். வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. கட்டுவோம் என்று சொல்லாத ராஜாவும் கிடையாது.

அந்த நாட்டில் ஓட்டுச்சீட்டு என்ற ஒன்று இல்லை. தேர்தல் நாளில் ஒவ்வொரு குடும்பமும் தன் மோட்டார் சைக்கிளில் ஏறி அந்தச் சாலையில் இறங்க வேண்டும். பாதி வழியில் பந்தலுக்குக் கீழே அதிகாரிகள் உட்கார்ந்திருப்பார்கள். வண்டியின் முன்பக்கக் கம்பி வளைவான கிராஷ் கார்டும் சைடு கண்ணாடியும் குரோமாகப் பளபளத்தால் குரோம் கட்சிக்கு ஒரு ஓட்டு. கறுப்பாக இருந்தால் கறுப்புக் கட்சிக்கு ஒரு ஓட்டு. இறங்காத குடும்பத்துக்கு ரேஷன் இல்லை. பந்தலைத் தாண்டிய பிறகு வண்டி என்ன ஆகிறது என்பது தேர்தல் துறையின் வேலையில் சேராது.

குரோம், நம் முன்னோர் முகம் பார்த்த பளபளப்பு என்றது ஒரு கட்சி. கறுப்பு, கண்ணைக் கூசாத நேர்மை என்றது இன்னொரு கட்சி. இரண்டையும் பூசிக் கொடுத்தது அரண்மனைக்குப் பின்னால் இருந்த ஒரே பட்டறைதான். ஒரு தொட்டியில் முக்கினால் குரோம், அடுத்த அறையில் தொங்கவிட்டு அடித்தால் கறுப்பு. இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. குரோம் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று கறுப்புக்காரர்களும், கறுப்பு வண்டிக்கு வழிவிட மாட்டோம் என்று குரோம்காரர்களும் பிடிவாதமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

தவமணிக்கு இந்தச் சண்டையில் அக்கறை இல்லை. அவள் கவலை ஒன்றே ஒன்று. வண்டியில் பிரேக் தேய்ந்துபோயிருந்தது. தேர்தல் வருகிறது. அந்த வண்டியில் முன்னால் மகள் குயிலி உட்கார வேண்டும், நடுவில் கணவன் அரங்கன், பின்னால் அவள். மிதித்தால் வண்டி நிற்காது, யோசிக்கும். யோசித்துக்கொண்டே போகும்.

பிரேக் ஷூ வாங்கி வரச் சொல்லி அரங்கனைக் கடைக்கு அனுப்பினாள். அவன் தோளில் ஒரு கம்பி வளைவைச் சுமந்துகொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான்.

"இது என்னது?"

"கிராஷ் கார்டு. மேட் பிளாக். தடவிப் பாரேன், எப்படி இருக்குன்னு."

"தடவிப் பாத்தா வண்டி நிக்குமா?"

"ஏ புள்ள, பிரேக்க யாரு பாக்கப் போறா? உள்ளதான கெடக்கு."

"வளைவு பாக்கும்," என்றாள் தவமணி.

அவன் அதற்குள் ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே சோணமுத்துவின் தலை எட்டிப் பார்த்தது. போன தேர்தலில் அதே வளைவில் விழுந்து இடது கையை முழங்கையோடு இழந்தவர், பரம்பரைக் குரோம்.

"என்ன அரங்கா, அடுப்புக்கரி பூசுறியா வண்டிக்கு?"

"உங்க வண்டி மாதிரி எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்தச் சொல்றீங்களா மாமா?"

இரண்டு பேரும் விளக்கு வைக்கும்வரை கத்திக்கொண்டிருந்தார்கள். பிரேக் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.

குறைகேட்கும் நாளில், ஆட்சியிலிருந்த குரோம் கட்சியின் மேற்பூச்சுத் துறை அமைச்சர் உச்சிக்கு வந்தார். இழுவைக் கயிற்றில் தொங்கும் பெட்டியில் வந்தார். அமைச்சர்கள் யாரும் அந்தச் சாலையில் ஒருநாளும் இறங்கியதில்லை. அதே பெட்டியில், அடுத்த இருக்கையில், கறுப்புக் கட்சித் தலைவரும் வந்தார். தவமணி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, வண்டி நிக்க மாட்டேங்குதுங்க. பிரேக் ஷூ எந்தக் கடையிலயும் இல்ல. கார்டும் கண்ணாடியும்தான் விக்கிறாங்க."

அமைச்சர் கனிவோடு குனிந்தார். "உன் வண்டி என்ன நிறம் அம்மா?"

"கறுப்புங்க."

"பார்த்தீர்களா!" அமைச்சர் நிமிர்ந்தார். "கறுப்பு நிற்காது. நான் சொல்லவில்லை, கறுப்பு வீட்டுப் பெண்ணே சொல்கிறாள்."

"ஆட்சியில் இருப்பது யார்?" கறுப்புத் தலைவர் மேசையைத் தட்டினார். "இந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பொறுப்பு?"

தவமணி அழவில்லை. எரிச்சலில் இருந்தாள். "ஐயா, குரோம் வண்டியும்தான் நிக்கல. சோணமுத்து மாமா கையப் பாருங்க. மாமா, எந்திரிச்சுச் சொல்லுங்க மாமா."

சோணமுத்து எழுந்தார். இருக்கிற ஒரு கையை உயர்த்தினார்.

"நான் விழுந்தது நெசந்தாங்கய்யா. ஆனா கார்டுல ஒரு கீறல் விழல!"

கூட்டம் அதிர்ந்தது. குரோம்காரர்கள் விசிலடித்தார்கள். தவமணி கை தட்டுகிற முகங்களைப் பார்த்தாள். அவர்களில் ஊன்றுகோலோடு இருந்தவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள்.

ஆனால் மனு வீணாகவில்லை. வீணாகியிருந்தால் தேவலை. அடுத்த வாரமே தண்டோரா போட்டார்கள்.

"பிரேக் ஷூ எனும் உறுப்பு இதுநாள்வரை நிறமின்றி, தேசப் பெருமையில் பங்கின்றி, சக்கர டிரம்முக்குள் ஒளிந்து கிடந்தது வருந்தத்தக்கது. இனி அதற்கும் மேற்பூச்சு உண்டு. குடிமக்கள் தங்கள் பழைய பிரேக் ஷூக்களை ஒப்படைத்துவிட்டு, குரோமிலோ கறுப்பிலோ புதியதை இலவசமாகப் பெற்றுக்கொள்க. ஒரு சாதாரணப் பெண்ணின் கோரிக்கையை ஏற்ற அரசு இது."

பிரேக் ஷூவின் முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அது டிரம்மில் உரசினால்தான் சக்கரம் நிற்கும். அந்த முகத்தின் மேலேயே கண்ணாடி மாதிரி பூசிக் கொடுத்தார்கள். ஓரளவு நின்றுகொண்டிருந்த வண்டிகளும் அன்றோடு நிற்பதை மறந்தன. தெருவில் தவமணியைப் பார்த்தவர்கள், "உன்னாலதான்டி எங்களுக்கு இந்த யோகம்," என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அரங்கன் புது ஷூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னமா வழுவழுன்னு இருக்கு!"

"அதான்யா பயமா இருக்கு."

அவன் வேலைக்குப் போனதும் தவமணி சக்கரத்தைக் கழற்றினாள். அரத்தை எடுத்து அந்தக் கறுப்பை உரசினாள். உள்ளிருந்த சொரசொரப்பு மெல்ல வெளியே வந்தது. கை கொப்புளம் கட்டியது. மாட்டிவிட்டுத் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். மிதித்தாள். வண்டி நின்றது. உச்சி முழுவதிலும் நிற்கிற வண்டி அது ஒன்றுதான். நடுத்தெருவில், இன்ஜின் உறும, அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

தேர்தல் நாள். சாலையின் தலைமாட்டில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. பாட்டு, பட்டாசு, தோரணம். புதிதாக ஒரு சோதனை அதிகாரி இருந்தார். அவர் ஒவ்வொரு டிரம்மையும் திறந்து நிறம் பார்த்தார். அரங்கன் வண்டியைத் திறந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இது என்ன நிறம்?"

அரங்கன் எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுருங்கியது.

"நிறம் இல்லைங்க," என்றாள் தவமணி. "நான்தான் உரசினேன். இப்போ நிக்கும்."

"மேற்பூச்சைச் சிதைத்திருக்கிறாய். இப்படியே இறங்கினால் ஓட்டு செல்லாது, ரேஷனும் கிடையாது. மாற்றிக்கொண்டால் செல்லும்." அதிகாரி பெட்டியிலிருந்து பளிச்சென்று ஒரு கறுப்பு ஷூவை எடுத்து நீட்டினார். "இலவசம்தான்."

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். "அரங்கன் பொண்டாட்டி நிறமில்லாதவளாம்டா!" கறுப்புக்காரன் ஒருவன் கத்தினான், "டேய், ஒரு ஓட்டுல தோத்தா உன்னைத்தான் கேப்போம்."

"வேணாம்யா," தவமணி கணவனின் சட்டையைப் பிடித்தாள். "செல்லாட்டி போகட்டும். ரேஷன் இல்லாட்டி கஞ்சி குடிப்போம். நீ இருந்தா சம்பாதிச்சுக்கலாம்யா."

"அசிங்கப்படுத்தாத தவமணி. நாலு பேரு பாக்குறாங்க."

"நாலு பேரா வளைவுல வந்து பிடிக்கப் போறாங்க?"

அவன் குத்தவைத்து ஷூவை மாற்றினான். அவள் உரசிய ஷூவை அதிகாரி குப்பைக்கூடையில் போட்டார். தவமணி குயிலியைத் தூக்கிக்கொண்டு வண்டியை விட்டு விலகி நின்றாள்.

"குடும்பமாக இறங்க வேண்டும் என்பது விதி," என்றார் அதிகாரி.

"என் பேரையும் எம்புள்ள பேரையும் அடிச்சிருங்க."

பட்டியலில் கோடு போட்டு அடித்தார். அரங்கன் திரும்பிப் பார்த்தான். அதற்குள் கொடி அசைந்தது. பின்னாலிருந்தவர்கள் தள்ள, குரோமும் கறுப்புமாக எல்லா வண்டிகளும் ஒன்றாக இறங்கின. பந்தல்வரைக்கும் அது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தவமணி குழந்தையின் கண்ணைப் பொத்திக்கொண்டு நடந்தே இறங்கினாள். வளைவை நெருங்கும்போது முடிவை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். குரோம் வெற்றி. கீழே பள்ளத்தில், ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாழ்க கோஷம் கிளம்பியது. அதைவிட மெலிதாக ஒரு ஒழிக கோஷமும் கேட்டது. முனகல்கள் இரண்டு கோஷங்களுக்கும் இடையில் கேட்டன.

அரங்கன் ஒரு கல்லில் சாய்ந்து கிடந்தான். தொடைக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அவன்மேல் பாதி கவிழ்ந்தபடி சோணமுத்து மாமா கிடந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு இருந்தது.

"யோவ்... இந்தா இருக்கேன்யா. புள்ள நல்லா இருக்கா." தவமணி முந்தானையைக் கிழித்து அவன் தொடையில் இறுக்கிக் கட்டினாள். "ஆராச்சும் தூக்க வாங்களேன்!"

வந்தார்கள். புது அரசின் முதல் நலத்திட்டம் அப்போதே அமலுக்கு வந்திருந்தது. வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் இரண்டு ஸ்ட்ரெச்சர்களைப் அருகருகே வைத்தார். ஒன்றின் கைப்பிடிகள் குரோமில் மின்னின. மற்றதில் மேட் பிளாக், கைரேகை படாத வழவழப்பு. தோற்றவர்களையும் மறக்காத அரசு என்று அவர் விளக்கினார்.

தவமணி குனிந்து பார்த்தாள். இரண்டிலும் இரண்டு கம்பிகள் மட்டும் இருந்தன. நடுவில் துணி இல்லை.

"எதுல படுக்க வைக்க?" என்று கேட்டாள். "நடுவுல ஒண்ணுமே இல்லையே!"

"அது உள்விவகாரம் அம்மா. துறை வேறு." அதிகாரி பேனாவைத் திறந்தார். "எது வேண்டும், குரோமா கறுப்பா? வரிசை நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்."

அவள் அந்த மனிதரின் சட்டையைப் பிடிக்க எழுந்தாள். அப்போது கீழே காலடியில் அரங்கனின் உதடு அசைந்தது. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து முட்டி போட்டு, காதை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"கறுப்பு," என்றான் அரங்கன்.