மொன்ரெகற்றீனித் தண்ணீரும் என் ரோட் ரெஸ்ற்றும்

என் அத்தான் குணநாதன் ஒரு புளுகர். அக்கா இதை வாசிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவளுக்கும் இது தெரியும். கட்டின பாவத்துக்கு வெளியே சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா, அத்தான், நான் மூவரும் கனடாவில், ஸ்காபரோவில் றோசா என்ற இத்தாலியக் கிழவியின் வீட்டு பேஸ்மென்டில் இருந்தோம். எனக்குத் தூரத்தில் பிறம்ரன் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை வந்திருந்தது. விடியற்காலை ஷிப்ட், அந்த நேரத்தில் பஸ் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள் லைசன்ஸோடு வா, இல்லையென்றால் வேறு ஆள் எடுப்பேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வியாழன் காலை எனக்கு ரோட் ரெஸ்ற், லைசன்ஸுக்கான கார் ஓட்டப் பரீட்சை.

அந்தக் கிழமைதான் றோசா ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தாள். வருடாவருடம் அவள் போவது மொன்ரெகற்றீனி என்ற ஊருக்கு. அங்கே மண்ணுக்கடியிலிருந்து ஊறும் தண்ணீருக்கு நோய் தீர்க்கும் பேர் உண்டாம். எங்களுக்கும் ஒரு போத்தல் கொண்டுவந்து, வயிற்றைத் தொட்டுத் தொட்டு அத்தானுக்கு இத்தாலியனில் விளக்கினாள். அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஏன் அத்தானிடம் சொன்னாள்? கனடாவுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரைச் சில மாதம் இத்தாலியில் ஒரு அறைக்குள் பூட்டி வைத்திருந்தான். எங்கள் சனத்தின் வழக்கம் இது: எந்த நாட்டில் அடைபட்டுக் கிடந்தாயோ அந்த நாட்டுக்கு நீதான் பொறுப்பு. இத்தாலி அத்தானுடையது. அவரும் இத்தாலியன் கரைத்துக் குடித்தவர்போல றோசாவிடம் அளந்து வைத்திருந்தார்.

வியாழன் காலை விடிந்ததும் அத்தானிடம் போனேன்.

"அத்தான், நான் இண்டைக்குப் பெயில்தான்."

"உமக்குச் சும்மா பயம். உந்தப் போத்திலை எடும். ராசாக்கள் குடிச்ச தண்ணி, நெஞ்சைத் திடமாக்கும்."

"நீங்கள் அங்கை போனனீங்களோ?"

"போகாமலோ! ஊர் முழுக்கச் சலவைக்கல்லு. காலமை கிளாஸோடை நடந்து நடந்து குடிப்பினம்."

(சலவைக்கல் மண்டபமும் கிளாஸோடு நடக்கும் ஆட்களும் போத்தல் லேபிளில் படமாக இருந்தன. நான் அதைப் பார்த்தது மத்தியானம்.)

"எவ்வளவு குடிக்கோணும்?"

"மூண்டு கிளாஸ். வெறும் வயித்திலை."

அவரே ஊற்றித் தந்தார். உப்புக் கரித்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நாங்கள் வளர்ந்த வீட்டில் பேதி என்றால் ஆமணக்கெண்ணெய். பள்ளிக்கூட லீவில் மூக்கைப் பொத்திப்பிடித்துப் பருக்குவார்கள், பிறகு ரசமும் சோறும், அன்று முழுக்க வாசல் படலையைத் தாண்டக்கூடாது. பேதி இவ்வளவு வடிவான போத்தலில், சலவைக்கல் மண்டபப் படத்தோடு வரும் என்று நான் கண்டேனா? ராசாத்தி போலக் காரில் ஏறினேன்.

பரீட்சைக்காரர் நெடுவலான வெள்ளைக்காரர், சிரிக்காத முகம். முதல் சிக்னல்வரை நான் உலகத்திலேயே திறமான டிரைவர். இரண்டாவது சிக்னலில் வயிற்றுக்குள் ஒரு லொறி ரிவேர்ஸ் எடுத்தது.

"இடது பக்கம் திருப்புங்கள்" என்றார்.

இடது பக்கத்தில் ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் வோஷ்றூமோடு ஒரு டோனற் கடை இருந்தது. வலது சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, முறைப்படி வலப்பக்கம் திருப்பினேன்.

"இடது என்றேன், மேடம்."

"ஸொறி சேர்" என்றுவிட்டு இறங்கி ஓடினேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது. திரும்பி வந்தபோது மனிசன் கதவைச் சாத்தி, என்ஜினை நிறுத்தித் திறப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். கார் மட்டும் கோடுகளுக்கு நடுவில் அச்சடித்தமாதிரி நின்றது. அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.

"இனிக் காரை ஓட்டுவீர்களா?" என்று கேட்டார். மறுபடியும் கடைக்குள் போனேன்.

திரும்பும்போது காரை அவர் ஓட்டினார்.

பின்னேரம் றோசா கேள்விப்பட்டுத் தலையில் கைவைத்தாள். "மூன்று கிளாஸா? கால் கிளாஸ்! வேலையில்லாத நாளில், வீட்டில் இருந்து! உன் அத்தானுக்கு எல்லாம் சொன்னேனே!"

பிறம்ரன் வேலை வேறு ஆளுக்குப் போனது. அடுத்த வருடம் முழுக்க நான் பஸ்ஸில் போய் ஒபிஸ்களில் நிலம் துடைத்தேன். இதை யாரும் சொல்வதில்லை. டோனற் கடையைத்தான் சொல்கிறார்கள். கலியாண வீட்டில் நான் தண்ணீர்க் கிளாஸைத் தொட்டால், அக்காவின் இங்கே பிறந்த மகள் "சித்தி, வோஷ்றூம் அந்தப் பக்கம், ஜஸ்ற் இன் கேஸ்" என்கிறாள். கூடச் சிரிப்பவர்களில் அத்தானின் சத்தம்தான் பெரிது.

வாற மாதம் அஜக்ஸ் நகரில் ஒரு கலியாண ஹோலை வாடகைக்கு எடுத்து அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் செய்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி என்னையும் மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வருவேன். ஆனால் மைக் அத்தானின் கையில்தான் இருக்க வேண்டும். வந்த சனம் அத்தனைக்கும் முன்னால் அவர் ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லட்டும்: நெஞ்சைத் திடமாக்கும் தண்ணீர் என்றால், அன்று காலை எனக்கு மூன்று கிளாஸ் ஊற்றித் தந்த நீங்கள் ஏன் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை?