காலர் வெட்டும்போது கிடைத்த வியாதி

தையற்காரருக்கு அன்று காலையில் ஒரு வியாதி கிடைத்தது. சந்தோஷத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

சட்டைக் காலருக்கு மாதிரி வெட்டப் பழைய நாளிதழை விரித்திருந்தார். உடல்நலப் பக்கம். உடம்பில் மக்னீசியம் குறைந்தால் அசதி வரும், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தூக்கம் கெடும் என்று போட்டிருந்தது. அதற்குமேல் படிக்க வழியில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்ற பகுதி முந்தின நாளே முழுக்கைச் சட்டைக்குப் போய்விட்டது. போனால் போகிறது, வைத்தியத்தை அவரே சொல்லிக்கொள்ள மாட்டாரா என்ன?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணிக் கூடையை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் உலர்த்துவது அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில், புத்தி வேலை செய்யாத ஒரு நேரத்தில் வீட்டம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது. தையற்காரருக்கோ ஞாயிறு என்றால் சாய்வு நாற்காலிதான்.

ஞாயிறு வந்தது. கூடையும் வந்தது.

"ஏங்க, துணி ரெடி."

"ஐயோ!" தையற்காரர் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார்.

"என்னாச்சு?"

"மக்னீசியம்!"

"அதை எங்க வச்சீங்க?"

"வைக்கல. அதான் பிரச்சினையே! உடம்புல குறைஞ்சு போச்சு. நரம்பு, தசை, இதயம், எலும்பு எல்லாத்துக்கும் அது வேணும். அது குறைஞ்சவங்க வெயிட் தூக்கக் கூடாது. மாடி ஏறக் கூடாது. முந்திரியும் பாதாமும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். சாயங்காலம் யாராவது கால் பிடிச்சு விடணும். முக்கியமா, அவங்களை எதிர்த்துப் பேசவே கூடாது."

"பேசினா?"

"இருக்கிறதும் குறைஞ்சிடும்."

வீட்டம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். தன் கெண்டைக்காலை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாடிக்குப் போனார். அந்த நீவலைத் தையற்காரர் பார்த்தார். கவனிக்கத்தான் இல்லை.

அதன்பிறகு அவர் காட்டில் மழை. ஞாயிறுதோறும் நாற்காலி, தட்டு நிறைய முந்திரி. நாளிதழில் அதை எழுதினவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தார்.

கால்சட்டையை வாங்கிப் போக வந்த எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் கெடுத்தார். "சும்மா குறைவு குறைவுன்னா எப்படி அண்ணே? ரத்தம் கொடுத்துப் பாத்துடுங்க. வீட்டுக்கே வந்து எடுப்பாங்க."

"நானும் அதையேதான் நெனச்சேன் அண்ணா," என்றார் வீட்டம்மா.

நாள் முழுக்க ஊசியோடு பிழைப்பவர்தான் தையற்காரர். ஆனால் அது துணியில் ஏறும் ஊசி. ரத்தம் எடுக்க வந்த பெண் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்ததும் அவர் துள்ளி எழுந்தார். ஒரே ஓட்டம். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயையும் திறந்துவிட்டார்.

"ஏங்க, வெளிய வாங்க!"

"நீயே குடுத்துடு! ஒரே சட்டியிலதானே சாப்பிடுறோம். உனக்கு இருக்கிறதுதான் எனக்கும் இருக்கும்!"

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"கையை நீட்டு, கையை நீட்டு!"

வெளியே ஏதோ பேச்சு, பிறகு அந்தப் பெண்ணின் சிரிப்பு. குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதென்று வந்துவிட்டால் பரிசோதனை தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பித்தோம் என்று முகம் கழுவிக்கொண்டார்.

ஞாயிறன்று ரிப்போர்ட் வந்தது. மருந்துக்கடைக்காரரும் கூடவே வந்து உட்கார்ந்தார். தையற்காரர் விரல் வைத்துத் தேடினார்.

"மக்னீசியம்... இயல்பைவிடக் குறைவு!" காலைப் பற்றிய நினைவே இல்லாமல் ஒரு குதி குதித்தார். "பாத்தியா? நான் சொன்னப்ப நம்பினியா?"

"ஐயோ, இப்ப என்னங்க பண்ணணும்? அண்ணன் முன்னாடியே சொல்லிடுங்க."

தையற்காரர் எழுந்து நின்று சொன்னார். மாடி கூடாது, கூடை கூடாது, முந்திரி வேண்டும், எதிர்ப்பேச்சு கூடவே கூடாது. கால் பிடிப்பதை இப்போது காலையிலும் சேர்த்துக்கொண்டார்.

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் மெஷின் மேல சத்தியம்!"

"சரி. ரிப்போர்ட்டுல மேல இருக்கிற பேரைப் படிங்க."

படித்தார். வீட்டம்மாவின் பெயர்.

"யார் ரத்தமோ அவங்க பேரைத்தான் போடணும்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. போட்டுக்கோம்மான்னேன்."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "கால் இழுக்குதாம்மா?"

"ரொம்ப நாளா, அண்ணா. மாடி ஏறுறப்பல்லாம்."

"டாக்டர்கிட்ட காட்டிடு. கீரை, பருப்பு, பூசணி விதை நல்லா சேத்துக்க."

தையற்காரருக்குச் சுருக்கென்றது. அந்த நீவல் இப்போதுதான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் நாற்காலியை விட மனசு வரவில்லை.

"உனக்கு இருக்கிறதுதானே எனக்கும்..."

"எதிர்த்துப் பேசாதீங்க. இருக்கிறதும் குறைஞ்சிடும்." வீட்டம்மா நாற்காலியில் சாய்ந்து, முந்திரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

தையற்காரர் கூடையைத் தூக்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது.

"ஐயோ! கால் இழுக்குது! சத்தியமா இழுக்குது!"

கீழேயிருந்து முந்திரி மெல்லும் வாயோடு பதில் வந்தது.

"போன மாசம் இதைவிட நல்லா நடிச்சீங்க!"