நூற்று அறுபத்தைந்து சதவீத ஈரம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இளையபெருமாள் அவர்களுக்கு,

பூதலூரிலிருந்து மாமனார் ரெத்தினம் எழுதுவது. நானும் உங்கள் அத்தை ராமாயியும் மாடு கன்றும் சௌக்கியம். ஜெர்மனியில் நீங்களும் என் மகள் வேம்புவும் அப்படியே இருக்க வேண்டும். சௌக்கியமில்லாதது களத்தில் கிடக்கும் என் சம்பா நெல் மட்டும்தான்.

உங்கள் பழைய மடிக்கணினியை எங்கள் உழவர் சங்கத்துக்கு நீங்கள் கொடுத்தபோது மாலை போட்டு வாங்கினோம். மீட்டர் காட்டும் ஈரத்தைச் செயலாளர் அப்துல் அஜீஸ் அதில் தட்டினால், பதினேழு சதவீதத்துக்குள் இருக்கும் நெல்லுக்குக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட லாரிச் சீட்டு வரும் என்றீர்கள். என் நெல்லுக்கு மீட்டரில் 16.5 வந்தது. அப்படியே தட்டினார். உங்கள் பெட்டி, 165 சதவீத ஈரம், தள்ளுபடி என்றது. மாப்பிள்ளை, காவிரியிலேயே நூறு சதவீதம்தான் ஈரம்! "என்ன பாய் இது?" என்றேன். "மீட்டரு சரியாத்தாங்க சொல்லுது. சீட்டு குடுக்குறது இந்தப் பெட்டிதானுங்களே?" என்றார். மறுபடி காயப்போட்டேன், 15.8 வந்தது. பெட்டி 158 என்றது. கூலிக்காகக் கொடி பிடித்துப் பண்ணையாரையே இறங்கிவர வைத்தவன் நான், இந்தப் பெட்டியிடம் என் பேச்சு எடுபடவில்லை. வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு மழை விழுந்தால் நெல்லெல்லாம் முளைத்துவிடும் என்ற கவலையில் சோறே இறங்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பக்கத்து வயல் உத்திராபதியின் நெல் சரியாகப் பதினேழு. என்னுடையதைவிட ஈரம், ஆனால் உடனே சீட்டு! அப்போதுதான் புரிந்தது, பெட்டிக்குப் புள்ளி வைத்த எண் ஆகாது, முழு எண்தான் பிடிக்கும் என்று. உடனே ஒரு குடம் தண்ணீரை நெல்மேல் தெளித்தேன், பதினாறுக்குக் கொண்டுவர. உங்கள் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். "காயவச்ச நெல்லுல தண்ணி தெளிக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்!" "இது கம்ப்யூட்டர் சமாச்சாரம், ஒனக்குப் புரியாது" என்றேன்.

ஆகவே, உங்கள் பெட்டிக்குப் புத்தி சொல்லுங்கள். நீங்கள் இருவரும் புள்ளி இல்லாத முழுப் பதினாறும் பெற்று வாழ என் ஆசிகள்.

அன்புடன்,
ரெத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் அஜீஸ் ஓடி வந்தார். நீங்கள் போனில் சொன்னீர்களாமே, பெட்டி ஜெர்மன் வழக்கப்படி எண்ணுகிறது, நாம் புள்ளி வைக்குமிடத்தில் அங்கே கமா வைப்பார்கள், அதனால் நம் புள்ளியை அது கண்டுகொள்ளவில்லை என்று. அமைப்பை மாற்றியதும் ஊர் நெல்லுக்கெல்லாம் சீட்டு வந்துவிட்டது. கடைசியில் என் நெல்லை மீட்டரில் வைத்தார். 18.2, தள்ளுபடி. பெட்டி இப்போது சரியாகத்தான் சொல்கிறது. அத்தை மறுபடி காயவைக்க நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். வேம்பு கேட்டால், தண்ணீர் தெளித்ததும் பெட்டிதான் என்று சொல்லிவிடுங்கள்.