ஆண்டவரின் நோக்கம் அறிந்த நல்லரத்தினம்

ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் அல்லவா? அந்த ஓய்வு நேரத்தில், அவருக்குப் பதிலாக விளக்கம் சொல்ல ஓர் இனம் தானாகவே உண்டாகிவிட்டது. கடவுளின் நோக்கம் அறிந்தவர் என்று பெயர். உங்கள் சபையிலும் ஒருவர் இருப்பார். ஆராதனை முடிந்த பிறகும் வாசலில் யாரையாவது பிடித்து வைத்திருப்பார், பாருங்கள்.

எங்கள் பெரியகல்லாற்றில் அவர் நல்லரத்தினம். நுளம்பு கடிப்பது எதற்கு, நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் ஏன் கோட்டை விட்டது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு நோக்கம் உண்டு. மனிதனின் பங்கு? "ஆண்டுகொள்ளச் சொல்லித்தான் படைச்சவர்" என்பார். பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்தபடி மனைவியையும் மாட்டையும் மாமரத்தையும் அவர் ஆண்டுகொள்கிற அழகே அழகு. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவும் சொன்னாரே என்று கேட்காதீர்கள். அது வேறு ஆட்களுக்குச் சொன்னது.

போன மாரியில் எங்கள் கடலோர வாவி நிரம்பி வழிந்தது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லை. வாவிக்கு அக்கரையில், படுவான்கரை வயல்வட்டையில் எங்கள் ஊர் மேனுகாவின் நெல் வேளாண்மை நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் இன்னும் ஒரு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும். அவளுக்கோ வேறு பிழைப்பில்லை. மணலை வெட்டி வாவியைக் கடலுக்குள் விடுவதுதான் இங்கே வழக்கம். ஆட்கள் மண்வெட்டியோடு கிளம்ப, நல்லரத்தினம் வழிமறித்தார்.

"தண்ணி நிற்கிறதுக்கும் ஒரு நோக்கம் இரிக்கும். அவர் வச்சத மனுசன் வெட்டலாமா? பொறுமையா இரி புள்ள."

மேனுகா அழுதுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியத்துக்குள் வாவி அவருடைய கக்கூசுக்குள் புகுந்தது. உடனே நோக்கம் மாறிவிட்டது. "மனுசன் ஆண்டவருக்கு உடன்வேலையாள். வெட்டுங்கடா" என்று குடையோடு எல்லோருக்கும் முன்னே ஓடி, மணல்திட்டில், வெட்டுகிற வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஏறி நின்று ஆளத் தொடங்கினார். இங்கே வெட்டு, அங்கே வெட்டு, மேனுகா குனிகிற விதம் பிழை, வெட்ட வந்த பொடியன் திவாகரன் மண்ணை எறிகிற பக்கம் பிழை. திவாகரன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"இஞ்சால வாங்க மாமா. தண்ணி பாஞ்சா மறுகா இந்தப் பக்கம் வர ஏலாது."

ஆளுகிறவர் கேட்பாரா?

வெட்டிய வாய்க்கால் கடலைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், வாவித் தண்ணீர் அந்த வழியாகப் பாய, கரைகள் பொலபொலவென்று இடிய, வாய்க்கால் ஆறாக அகல, ஆட்கள் கூத்தாட, மேனுகா சேற்றோடு குதிக்க, அந்தப் பக்கம் மிஞ்சிய துண்டு மணலில் நல்லரத்தினம் தனியே குடை பிடித்து நின்றார்.

"தோணி கொண்டாங்கடா."

மேனுகா கைகளைக் குவித்துக் கத்தினாள். "ஆண்டவர் உங்கள அங்க வச்சதுக்கும் ஒரு நோக்கம் இரிக்கும் மாமா. பொறுமையா இரிங்க."

பொழுது சாயத்தான் வாவிப் பக்கமாகச் சுற்றித் தோணி போனது. மேனுகாவின் வேளாண்மை பிழைத்துக்கொண்டது. "நான் அங்க நிண்டு செபிச்சபடியாத்தான்" என்கிறார் நல்லரத்தினம்.

சிரிக்கிறீர்களா? இப்படி ஒரு மனிதரை ஆண்டவர் எதற்காகப் படைத்தார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. மற்றவர்களின் பொறுமையைச் சோதிக்கத்தானே? ஆண்டவரின் நோக்கத்தை எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டீர்கள். அடுத்த முறை முகத்துவாரம் வெட்டும்போது, தயவுசெய்து நீங்களும் இந்தப் பக்கமாகவே நில்லுங்கள்.