டென்ஷனரில் கண்ட சிவப்புத் தூள்

நான் ஒரு சந்தேகப் பிராணி. தேங்காய் வாங்கினால்கூட ஆட்டிப் பார்த்து, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவேன். அப்படிப்பட்டவன் பழைய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரை எப்படி வாங்கினேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மட்டும் கண் மறைத்துவிட்டது.

அதன் எஞ்சின் பெல்ட்டைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் போய்விட்டது. கம்பெனி சாமான் கிடைக்கவில்லை. என் மனைவி சுமதியின் தம்பி குமரேசன் மெக்கானிக். வெளி மார்க்கெட்டில் ஒன்றை வரவழைத்து, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலிலேயே மாட்டிக் கொடுத்தான்.

"கம்பெனி சாமான விட ஸ்ட்ராங்கு மாமா. மாசத்துக்கு ஒரு தடவ பாருங்க, போதும்" என்றான்.

அந்தப் 'போதும்'தான் உறுத்தியது. (எதை மறைக்கிறான்?) டப்பாவோடு வந்த தாளைப் படித்தேன். பேரிங் தேய்ந்தால் சிவப்புத் தூள் உதிரும் என்றிருந்தது. அன்றிலிருந்து தினமும் பல் தேய்க்கும் முன்பே பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, டென்ஷனரைச் சுற்றிச் சிவப்புத் தூள்.

"ஏங்க, அது வந்து..." என்று சுமதி ஆரம்பித்தாள்.

"தம்பிக்கு வக்காலத்து வாங்காத" என்று அவள் வாயை அடைத்தேன்.

எஞ்சினைப் போட்டால் பெல்ட் அறுந்துவிடுமே என்று பயம். பக்கத்து வீட்டு டிராக்டரில் கயிறு கட்டினோம். பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றோடு டிராக்டர் முன்னே போக, பின்னால் என் ஸ்போர்ட்ஸ் கார். கிரிவலம் போனவர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கும்பிட்டார்.

குமரேசன் அன்றுதான், விஜயதசமியில், வேங்கிக்காலில் சொந்தப் பட்டறை திறந்திருந்தான். முதல் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய், "மட்டமான சாமான மாட்டி என்னையே ஏமாத்திட்டியேடா" என்றேன். ஒருவர் தன் கார் சாவியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குமரேசன் முகம் செத்துவிட்டது. குனிந்து தூளைத் தொட்டான். முகர்ந்தான். நேரே வந்து என் நெற்றியில் வைத்தான்.

"குங்குமம் மாமா. அக்கா பொட்டு வெச்சிருக்குது."

போனில் கேட்டேன். "புது சாமானாச்சே, வெக்காம விடலாமான்னு வெச்சேன். அதத்தான் காலைல சொல்ல வந்தேன்" என்றாள் சுமதி.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. குமரேசனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் மாமா. ஸ்டார்ட் பண்ணி நீங்களே ஓட்டிட்டுப் போங்க. இவங்க பாக்கட்டும்."

நெற்றியைத் துடைக்காமலேயே ஓட்டிப் போனேன். சாவியை மறைத்தவர் சிரித்துக்கொண்டே அதை வெளியே எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நாலைந்து வருடமாகிறது. அந்த டென்ஷனர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் கல்யாணமோ காதுகுத்தோ, யாராவது எனக்குப் பொட்டு வைத்தால் போதும், குமரேசன் பந்தி வரை கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறான்:

"மாமாவுக்கு பேரிங் போயிடுச்சு. டிராக்டரக் கூப்புடுங்க."