என் பல்லைப் பார்க்க வந்த பதினோரு பேர்

யாராவது ஏதாவது கேட்டால் 'முடியாது' என்று சொல்ல எனக்கு வராது. நாற்பத்தாறு வயதுவரை வரவே இல்லை. அதனால் பட்ட பாட்டை என் கீழ்க் கடைவாய்ப்பல்லைத்தான் கேட்க வேண்டும்.

ஈறுக்கு அடியில் எலும்பு கரைந்து அந்தப் பல் ஆடியது. "ஒரு பல்லுதானே, புடுங்கிப் போட்டுட்டு வாயேன்" என்றார் வீட்டுக்காரர். (அவருக்கு முப்பத்திரண்டும் கெட்டி.) எனக்கு மனசு வரவில்லை. டாக்டரம்மா ஈறைத் திறந்து, பள்ளத்தில் எலும்புத் தூளை நிரப்பித் தையல் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு என் சொந்த எலும்பே வளருமாம்.

"அந்தப் பக்கம் மெல்லாதீங்க. கன்னத்தை இழுத்துப் பாக்காதீங்க. தையல் விட்டா தூள் வெளிய வந்துடும்."

மறுநாள் பௌர்ணமி. கிரிவலம் வந்த சொந்தமெல்லாம் செங்கம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் இறங்கியது. முதலில் கீழ்பென்னாத்தூர் நாத்தனார், கையில் ஒரு கிலோ ஆப்பிளோடு (மெல்லக்கூடாதவளுக்கு!).

"இன்னா அண்ணி, எலும்பு வெச்சாங்களாமே? எங்க, காட்டுங்க."

இவ்வளவு தூரம் வந்தவளிடம் எப்படி மறுப்பது? விரலை விட்டுக் கன்னத்தை இழுத்தேன். அவள் செல்போன் லைட் அடித்தாள்.

"ஒண்ணுமே தெரியலயே. இன்னும் கொஞ்சம் இழுங்க!"

பிறகு அவள் மாமியார், ஓரகத்தி, அவர்களோடு வந்த, யாரென்றே எனக்குத் தெரியாத பச்சைச் சேலை அம்மா. ("நானும் பாத்துடறேம்மா.") அண்ணாமலையாரைத் தரிசிக்கும் முன்பே என் பல்லைத் தரிசித்தவர்கள் மொத்தம் பதினோரு பேர்.

சாயங்காலம் நாக்கில் ரவை மாதிரி ஏதோ நெருடியது. கண்ணாடியில் பார்த்தால் நூல் தொங்குகிறது.

காலையில் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"யாரு இழுத்தது?"

"நான்தாங்க. காட்டச் சொன்னாங்க."

"யாரு?"

"பதினோரு பேரு."

அவர் லைட்டை இழுத்து வாய்க்குள் பார்த்தார். "பாதித் தூள் போயிடுச்சு. மறுபடி வெச்சுத் தைக்கறேன். இதுவும் நிக்கலன்னா பல்லை எடுத்துட வேண்டியதுதான்."

வீடு திரும்பினால், மலையைச் சுற்றி வந்த நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"மறுபடி தெச்சாங்களா? எங்க, காட்டுங்க."

"மாட்டேன்."

வீடே நிமிர்ந்து பார்த்தது.

"இன்னா அண்ணி, கோச்சுக்கினீங்களா?"

"ஆமா, கோச்சுக்கினேன். இது என் பல்லு. யாருக்கும் காட்ட மாட்டேன்."

அவள் மூன்று மாதம் பேசவில்லை. நானும் போய்ச் சமாதானம் செய்யவில்லை. பல் நின்றுவிட்டது.

இப்போது எந்தக் கல்யாணத்தில் போட்டோக்காரர் "சிரிங்கம்மா" என்றாலும், வீட்டுக்காரர் முந்திக்கொள்வார்: "அவ காட்ட மாட்டா, நடை சாத்தியாச்சு!" நாத்தனார்தான் எல்லோரையும்விட ஜாஸ்தி சிரிப்பாள். சிரிக்கட்டும். அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அந்தப் பக்கமாகவே முறுக்கைக் கடித்துத் தின்கிறேன்.