ஆட்டில் அரசாங்கத்தின் பங்கு

ஆட்டுப்பால் குடிக்காதவர்களை மனிதர்களாக மதிப்பதில்லை என்று இத்தாலியின் பலெர்மோ நகரத்து லிபெர்த்தா பகுதிச் சீமாட்டிகள் சென்ற மார்கழியில் தீர்மானித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வெந்நீரில் மஞ்சள் கலந்து குடித்தார்கள். அதற்கும் முன்பு பட்டினி கிடந்தார்கள்.

அவர்களில் ஒரு சிஞ்ஞோராவின் வீட்டைப் பதினோரு ஆண்டுகளாகத் துடைத்துவரும் மன்னார்க் கிறிகோரி, பக்கத்து ஊரான பகேரியாவில் பாழடைந்த எலுமிச்சைத் தோட்டமொன்றை எடுத்து, முறுக்குக் கொம்பும் பால்மடியுமுள்ள ஒரு மறியாட்டைக் கட்டினான். காய்ச்சாத பாலை விற்கப் போனால் ஆயிரம் அனுமதி வேண்டும். சொந்த ஆட்டின் பாலைக் குடிக்க ஒன்றும் வேண்டாம். ஆகவே எட்டுச் சீமாட்டிகளை ஆட்டுக்குப் பங்காளிகளாக்கினான். மேய்ப்பது அவன், குடிப்பது அவர்கள். ஆட்டைப் பதிவு செய்வதுதான் பாக்கி. மாத முடிவுக்குள் சொந்தத் தொழிலுக்குச் சான்றாக அந்தப் பதிவுத்தாள் வந்தால்தான் பெர்மெஸ்ஸோ என்ற அவனுடைய வதிவிட அனுமதி புதுப்பிக்கப்படும், வராவிட்டால் நாட்டைவிட்டுப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பதிவுப் படிவத்தின் பதினான்காவது கட்டம், ‘ஒவ்வொரு பங்காளிக்கும் உரித்தான பகுதி’ என்றது. வேறு யாரானாலும் எட்டில் ஒன்று என்று எழுதியிருப்பார்கள். கிறிகோரிக்குத் தெரிந்ததோ கிறிஸ்மசுக்கு அயல் குடும்பங்கள் சேர்ந்து வாங்கி அறுத்து, வாழையிலையில் கூறு போட்டுப் பிரிக்கும் பங்கு ஆடு. அந்த முறைப்படியே எழுதினான்.

மனைவி மரியமலர் எட்டிப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, ஆடு உயிரோடை நிக்குது. நீங்கள் ஈரலைப் பிரிச்சு எழுதியிருக்கிறியள்.”

“எந்தப் பகுதியெண்டு அவங்கள்தானே கேக்கிறாங்கள்.”

“அப்ப மடி ஆருக்கு?”

“மடி எல்லாருக்கும் பொது. தலை எனக்கு. பாடுபடுறவனுக்குத் தலை, அதுதானே முறை.”

கால்நடைப் பதிவு அலுவலகத்தில் கண்ணாடி அணிந்த அனைவரையும் ‘தொத்தோரே’, அதாவது டாக்டர் ஐயா, என்றுதான் அழைக்க வேண்டும். கிறிகோரிக்கு வாய்த்த தொத்தோரே படிவத்தைச் சிரிக்காமல் படித்தார். பிறகு ஓர் ஆட்டின் படத்தை விரித்து, பங்காளிக்கொரு நிறமாகத் தீட்டினார். வால் பக்கம் மட்டும் வெள்ளையாகவே கிடந்தது.

“இந்தப் பின்பாகம் யாருடையது?”

“அதை யாரும் கேட்கவில்லை, தொத்தோரே. எங்கள் ஊரில் எறிந்துவிடுவோம்.”

“இங்கே எறிய முடியாது. உரிமையாளர் இல்லாத சொத்து அரசைச் சேரும்.”

“அப்படியென்றால் புழுக்கை?”

தொத்தோரே தடித்த புத்தகமொன்றைப் புரட்டினார். “அரசின் விளைபொருள். அதிகாரம் பெற்றவர் தவிர வேறெவரும் அள்ளலாகாது.”

“அள்ளாமல் விட்டால் ஆட்டுக்கு நோய் வருமே.”

“ஆகவே ஒரு பாதுகாவலர் தேவை. இந்த ஆண்டு ஆள் எடுப்பதில்லை.” அவர் படத்தை மறுபடி தன் பக்கம் இழுத்தார். “நீர் தலைக்கு உரிமையாளர். தலைக்கும் பின்பாகத்துக்கும் எவ்வளவு தூரம்?”

“ஒரு மீற்றர் இருக்கும்.”

“அயலவர் என்ற தகுதி போதும்.”

இவ்வாறாகக் கிறிகோரி, ஐந்து முத்திரைகள் சாட்சியாக, அரச உடைமையான பின்பாகத்துக்குச் சம்பளமில்லாப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டான்.

பெர்மெஸ்ஸோ கேட்டுப் போன இடத்தில், சிஞ்ஞோரா கொடுத்த பதினோரு ஆண்டுச் சேவைக் கடிதத்தை எழுதுவினைஞர் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார். நியமனக் கடிதத்தைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து கை கொடுத்தார். ஐந்தாம் நாள் பெர்மெஸ்ஸோ வந்தது. கிறிகோரிக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கியது. பதினோரு ஆண்டு துடைத்த தரைக்கு இல்லாத மரியாதை புழுக்கைக்கு இருப்பதை நினைக்க வயிறும் எரிந்தது.

அதற்குள் சீமாட்டிகள் கழுதைப்பாலுக்கு மாறியிருந்தார்கள். ஆடு பங்காளி இல்லாமல் நின்றது.

நியமனச் செய்தி பரவ ஒரு பூசை போதும். ஞாயிறன்று மாதா கோயில் வாசலில், அதே பெர்மெஸ்ஸோவுக்கு அலையும் ஊர்க்காரன் ஜோக்கிம் கிறிகோரியை மறித்தான்.

“அண்ணை, ஆட்டிலை பங்கு கிடக்கோ?”

“மடி முழுக்கக் கிடக்கு. நல்ல பால், தம்பி.”

“பாலை விடுங்கோ. அந்தப் பின்பக்கத்திலை ஏதும் மிச்சம் இருக்கோ?”

ஜோக்கிமுக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கடைசியாக நின்றவன் சிஞ்ஞோராவின் மூத்த மகன். ஆறு ஆண்டுகளாக அரச உத்தியோகத்துக்குக் காத்திருப்பவன், பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டபடியே தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.